உருள்பலகையில் கிடந்து யாம் கண்டது

வயல் விளைக, வாய்க்கால் வற்றாதிருக்க, எல்லையில் நிற்போர் நலமுடன் இல்லம் திரும்புக.

ஏந்தலாற்றின் இரு கரையையும் ஒரு குடைக்கீழ் வைத்துக் காக்கும் நீள்கரை நாட்டு வேந்தர், பகைவரும் மதிக்கும் பெருவிறல் மன்னரின் மூத்த மகளும், அவர் படுக்கையில் கிடக்கும் இந்நாளில் அவர் பொருட்டு அரசு காப்பவளுமாகிய அல்லியங்கோதை, தும்பைமாநகர் அரண்மனையிலிருந்து, தென்கோட்டைத் தலைவரும் தென்படையின் நாயகரும் எம் உடன்பிறந்தவருமாகிய இளவரசர் சேந்தனுக்கு விடுக்கும் ஓலை. உம் மதில் உறுதியாக நிற்க. உம் குதிரைகள் நோயின்றி இருக்க. உம் வீரர்களின் வீடுகளில் அடுப்பு அணையாதிருக்க.

இவ்வோலையை நின்றபடியே படிக்கத் தொடங்கியிருப்பீர். உட்கார்ந்து படியும். படித்து முடிக்கும்வரை முரசறைவோரைக் கையைக் கட்டிக்கொண்டிருக்கச் சொல்லும். ஆற்றில் தெப்பங்கள் இறக்கப்பட்டுவிட்டன என்று நேற்று செய்தி வந்ததுமுதல் எமக்கு உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் நடக்கத் தோன்றுகிறது; எழுதுவோர் எமக்குப் பின்னாலேயே கூடம் முழுதும் எழுத்தாணியோடு நடந்துவருகிறார். ஆகவே எழுத்து சில இடங்களில் கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ளும்.

நீர் அறிந்ததே ஆயினும், இவ்வோலை உம் படைத்தலைவர்கள் முன்னும் படிக்கப்பட வேண்டியது ஆதலால், நடந்ததைத் தொடக்கத்திலிருந்தே சொல்கிறோம். கார்மலை நாட்டு வேந்தர் நட்பின் அடையாளமாக நம் தந்தைக்கு ஒரு நெடுந்தேர் அனுப்பினார். மலைக்கோயில் விழாவில் தந்தை அத்தேரில் நின்றபடி ஊர்வலம் போய், சரிவுச் சாலையில் இறங்கும்போது, தேர்த்தட்டு ஒரு பக்கமாகச் சரிந்தது. தந்தை கீழே விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. உயிருக்கு இடரில்லை, நடை மட்டும் திரும்பாது என்றார் மருத்துவர். அன்று தேரின் பக்கவாட்டில் குனிந்து பார்த்த நீர், அச்சின்மேல் குறுக்கே கிடந்து தட்டைச் சுமக்கும் தாங்குகட்டை இரண்டாகப் பிளந்திருப்பதையும், பிளந்த இடத்தில் மரம் முறிந்தது போலன்றிச் சீரான வளைவாகத் துளைக்கப்பட்டிருப்பதையும் கண்டீர். கார்மலையார் கட்டையைத் துளைத்து, மெழுகால் அடைத்து, அரசரைக் கொல்லவே அனுப்பினர் என்று அவையில் முழங்கினீர். அவையும் உம்மோடு முழங்கியது. அன்றே அவர்கள் தூதரை விலங்கிட்டுத் தென்கோட்டைக்குக் கொண்டுபோனீர். படை திரட்டத் தொடங்கினீர்.

தேரை வைக்க வேறு பெரிய இடமில்லாமையால், அரண்மனைக்குப் பின்னே எம் கொட்டிலில் கொண்டுவந்து நிறுத்தினர். வண்டிகளைக் கழற்றிப் பூட்டுவதற்கென்று யாம் வைத்திருக்கும் அக்கொட்டிலை நீர் அறிவீர். அரசன் மகள் கையில் வண்டிமை என்று சிறுவயதில் எம்மை நகைத்ததும் உண்டு. நமக்குப் படைத்துணை தரும் நட்பரசரின் தூதர்கள் வந்து பார்க்கும்வரை தேர் ஒரு மயிரிழையும் நகரக் கூடாது, தூக்கக் கூடாது, புரட்டக் கூடாது, அடியில் சிதறிய சிராயும் ஆணியும் விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும் என்று உம் காவலர் தலைவர் சக்கரங்களைச் சுற்றி நூல் கட்டி, அரக்கு முத்திரை வைத்துப்போனார்.

முத்திரையை யாம் உடைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தக் கொட்டிலுக்குப் போய்த் தேரைச் சுற்றிச் சுற்றி வந்தோம். பக்கவாட்டில் குனிந்தால் துளையின் விளிம்பு மட்டுமே தெரிகிறது. விளிம்பைப் பார்த்துவிட்டு ஒரு நாட்டின்மேல் படையெடுப்பதா என்ற எண்ணம் எம்மை உறங்கவிடவில்லை, உண்ணவிடவில்லை. அடியில் போய் நேர் கீழிருந்து பார்க்க வேண்டும். அதற்குத்தான் வழியில்லை. சரிந்த தட்டுக்கும் தரைக்கும் இடையே இருந்தது ஒரு முழத்துக்குச் சற்று மேல். குப்புறத் தவழ்ந்து போனால் தரைதான் தெரியும், தேர் தெரியாது. மல்லாந்து முதுகால் தேய்த்துக்கொண்டு போனால் கீழே கிடக்கும் சிராயெல்லாம் கலையும். ஒருமுறை முயன்று, தோள்பட்டையில் ஆணி கிழித்து, பாதியில் திரும்பினோம்.

ஆகவே மல்லாந்து கிடந்தபடியே உருண்டு உள்ளே போகவும், உருண்டே வெளியே வரவும் ஒரு பலகை செய்வதென்று முடிவு செய்தோம்.

முதற்பலகையை யாமே செய்தோம். ஆள் நீளத்துக்கு ஒரு வேங்கைப் பலகை, அடியில் இரண்டு உருளைக்கட்டைகள். அது நேராக மட்டுமே போயிற்று. தேரின் அடியில் குதிரை பூட்டும் ஏர்க்கால் நடுவே குறுக்கிட, திரும்பத் தெரியாமல் அதில் போய் முட்டி நின்றது. அமைச்சர் காரியாதனார் எம் கால்களைப் பிடித்து வெளியே இழுத்தார். இழுத்தபின் அவர் சொன்னது இது: “நாச்சியார், அரசு காப்பவர் தரையில் புரள்வது எந்த நூலிலும் இல்லை.” நூலில் எழுதிச் சேர்த்துக்கொள்ளும் என்றோம்.

அப்போது அரண்மனைப் பெருந்தச்சர் அந்துவர் முன்வந்து, தாமே செய்து தருவதாகச் சொன்னார். நம் தந்தை இளவரசராக இருந்த காலமுதல் அவருடைய தேர்களைப் பேணிவருபவர். விழாவன்று தேரின் பக்கத்திலேயே நடந்துவந்தவரும் அவரே. சக்கரம் எல்லாப் பக்கமும் திரும்ப வேண்டும் என்று யாம் சொன்னதும், கதவின் அடிமுளையான குடுமி கல்குழியில் சுழல்வதைக் காட்டினார். கவட்டை போல் பிரிந்த சிறு கவை ஒன்றில் சக்கரத்தைப் பூட்டி, கவையின் தலையில் குடுமி வைத்து, அக்குடுமி பலகையில் இட்ட குழியில் சுழலுமாறு நான்கு மூலையிலும் அமைத்தார். விரலால் தள்ளினால் பலகை நீர்ப்பூச்சி போல் நினைத்த பக்கம் ஓடிற்று. மகிழ்ந்து ஏறிக் கிடந்து உள்ளே போனோம்.

போனோம், நடுவழியில் மார்பு தட்டின் அடிச்சட்டத்தில் சிக்கிக்கொண்டது. சக்கரங்கள் உயரமானவை. பலகையும் அவற்றின்மேல் இருந்தது. முன்னும் போக முடியவில்லை, பின்னும் வர முடியவில்லை. மூச்சை இழுத்தால் சட்டம் விலாவில் அழுந்தியது. தேர் இன்னும் ஒரு விரல் சரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்தோம். வெளியே பயிற்சிக்களத்தில் வீரர்கள் ஈட்டி எறியும் ஆரவாரம் கேட்டது. அந்துவரும் அமைச்சரும் தரையில் படுத்து, எம் காலடியில் இருந்த சக்கரங்களின் கடையாணியைப் பிடுங்கிக் கழற்றிய பிறகே பலகை தாழ்ந்தது, வெளியே வந்தோம். அந்துவர் முகத்தில் இரத்தமே இல்லை.

இடைவெளியை அவர் தம் கையாலேயே அளந்திருந்தார். ஏன் இவ்வளவு உயரம் என்று கேட்டோம். சின்னச் சக்கரம் தரையின் வெடிப்பில் இறங்கிவிடும் என்று தரையைப் பார்த்துச் சொன்னார். வேறொன்றும் அப்போது எமக்குத் தோன்றவில்லை. நாள் போய்க்கொண்டிருந்தது. இனி எவரையும் நம்பி நிற்பதில்லை என்று வாய்ச்சியையும் உளியையும் யாமே எடுத்தோம்.

மூன்றாம் பலகை உண்மையில் பலகையே அன்று. சக்கரத்தின்மேல் கிடப்பதை விட்டுவிட்டு, சக்கரங்களுக்கு நடுவே தொங்குவது என்று எண்ணினோம். இரண்டு நீண்ட சட்டங்களைக் குறுக்குக் கோல்களால் இணைத்து, கோல்களின் முனைகளைப் பக்கவாட்டில் நீட்டி, அம்முனைகளில் உள்ளங்கை அளவுச் சக்கரங்களைப் புளியமர வைரத்தில் கடைந்து, அந்துவர் காட்டிய முறைப்படியே குடுமியில் சுழலும் கவைகளில் பூட்டினோம். சட்டங்களுக்கிடையே கட்டிலுக்குப் பின்னுவது போல் கயிறு பின்னினோம். மேலே கிடந்ததும் கயிறு தாழ்ந்து, முதுகு தரைக்கு இரண்டு விரல் மேலே நின்றது. கழுத்து எமக்குப் பழைய வலி உள்ள கழுத்தாகையால், தலைமாட்டில் இலவம்பஞ்சு அடைத்த தோல் திண்டு ஒன்றைச் சாய்வாகக் கட்டினோம். அந்துவர் சொன்ன வெடிப்பின் அச்சம் உண்மைதான். சக்கரங்களுக்குப் பட்டையாகத் தோல் சுற்றி அதைச் சரிசெய்தோம்.

இதில் எமக்குப் பெரும் எரிச்சல் தந்தது குடுமிக்குழிதான். எம் கொட்டிலில் மரத்தைத் துளையிடும் துறப்பணம் ஒன்றே உள்ளது. அதன் வாய் ஓரத்தில் சிறிது ஒடிந்திருக்கிறது. அதனால் துளை போட்டால், துளையின் உட்சுவரில் நூல் போன்ற ஒரு மேடு சுற்றிச் சுற்றி இறங்கும். குடுமி அந்த மேட்டில் தட்டித் தட்டிச் சுழன்றது. நான்கு குழிகளிலும் விரலை விட்டுத் தடவித் தடவி, அரத்தால் ராவி, அந்த மேட்டை எடுத்தோம். விரல்நுனி தோலுரிந்து போனது. இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறோம் என்றால், அந்த மேடு எம் விரலுக்கு அவ்வளவு பழகிவிட்டது.

பலகை முடிந்த அன்று, வெயில் கொட்டில் வாயிலில் நேராக விழும் நண்பகலைத் தேர்ந்தோம். எண்ணெய் விளக்கைக் கொண்டுபோனால் சிந்தும். ஆகவே பளபளப்பாகத் துலக்கிய வெண்கல ஆடி ஒன்றை அமைச்சர் காரியாதனார் கையில் கொடுத்து, வெயிலை அதில் வாங்கித் தேரின் அடியில் விடச் சொன்னோம். அவர் சாட்சியாகவும் இருக்க வேண்டும் அல்லவா. முழங்காலிட்டு உட்கார்ந்து, முனகிக்கொண்டே ஒளியைப் பிடித்தார். யாம் மல்லாந்து கிடந்து, தட்டின் அடியைக் கையால் பிடித்துத் தள்ளித் தள்ளி உள்ளே போனோம். சிராய் ஒன்றும் கலையவில்லை. மார்பும் தட்டவில்லை.

தாங்குகட்டைக்கு நேர் கீழே நின்றோம். ஒளி வந்து விழுந்தது. நீர் கண்டது பொய்யன்று, தம்பி. அங்கே துளை இருந்தது. கட்டையின் நடுவே, மேலிருந்து கீழ்வரை, கட்டைவிரல் போகும் பருமனில் துளைத்திருந்தார்கள். கட்டை பிளந்தது அத்துளை வழியாகத்தான். ஒரு கணம், உம்முடைய சினமே சரியானது என்று எம் நெஞ்சும் கொதித்தது.

பிறகு மற்றத் துளைகளைப் பார்த்தோம். கார்மலைத் தச்சர்கள் ஆணி இறங்கும் துளை ஒவ்வொன்றின் உள்ளேயும் செவ்வரக்குப் பூசியிருக்கிறார்கள். மழைநீர் இறங்கி மரம் உளுத்துப்போகாதிருக்க அது அவர்கள் வழக்கம். இந்த ஒரு துளையில் மட்டும் அரக்கு இல்லை. மேற்பூச்சின் அரக்கைக் கிழித்துக்கொண்டு துளை இறங்கியிருந்தது. உள்ளே மரம் புதிதாய், வெளுப்பாய் இருந்தது. பூசி முடித்துத் தேர் இங்கே வந்த பிறகு போட்ட துளை அது.

விரலை உள்ளே விட்டோம். நூல் போன்ற அந்த மேடு சுற்றிச் சுற்றி இறங்கியது.

என்ன ஆயிற்று நாச்சியார் என்று அமைச்சர் இரண்டுமுறை கேட்டிருக்கிறார். எம் கொட்டிலின் துறப்பணத்தால் போட்ட துளை. யாமன்றி அதை எடுத்துப் பழகியவர் அந்துவர் ஒருவரே. கார்மலைக்குப் போகும் படை முழுதும் எம் விரல்நுனியில் வந்து நிற்பது போல் இருந்தது.

வெளியே வந்து அந்துவரை அழைத்தோம். இனி வரும் பேச்சுகளைச் செந்தமிழாக்கட்டுமா என்று எழுதுவோர் கேட்டார். வேண்டாம், வாயில் வந்தபடியே பொறியும் என்றோம்.

“அந்துவரே, அந்தத் துளையை யார் போட்டது?”

“அத என் வாயால சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன், தாயே.”

“யாரிடம்?”

“அதையும் சொல்லக் கூடாதுங்கிறதுதான் சத்தியமே.”

“பலகையை உயரமாகச் செய்தது எதற்கு?”

அதற்குச் சத்தியம் இல்லை போலும். தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னார். “நீங்க உள்ள போயிரக் கூடாதுன்னுதான். முட்டுச்சுன்னா விட்டுருவீங்கன்னு நெனச்சேன். நீங்க மாட்டிக்கிட்டு மூச்சு முட்டினப்ப எனக்கு உசிரு போயி உசிரு வந்துச்சு. அப்பவே சொல்லியிருக்கணும். நாக்கு எழும்பல.”

“உம் நாக்கு எழும்பாமல் இருந்தால் தெப்பங்கள் ஆற்றைக் கடந்துவிடும். தெரியுமா?”

“தெரியும் தாயே. எம் மருமகனும் தென்படையிலதான் இருக்கான்.” இதைச் சொல்லும்போது அந்துவர் அழுதார். “ராசாகிட்ட போங்க. நான் வேற எதுவும் சொல்லல. ராசாகிட்ட போங்க.”

கையைக்கூடக் கழுவாமல் தந்தையின் அறைக்குப் போனோம். வழக்கம்போல் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக் கிடந்தார். விழுந்த நாள்முதல் அவர் எவரோடும் பேசாததை வலி என்று நாம் நினைத்திருந்தோம் அல்லவா?

“கொட்டில்ல இருந்து நேரா வர்றியா? வண்டிமை வாசம் அடிக்குது” என்றார், திரும்பாமலே.

“தேரின் அடியில் போய்ப் பார்த்தேன், அப்பா.”

எம்மால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கட்டிலின் தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்குமாக நடந்தோம். “உட்காரு கோதை. நீ நடக்குறது எனக்குத் தல சுத்துது” என்றார். உட்கார்ந்தோம். அதன்பின் மெல்ல மெல்லச் சொன்னார்.

“முழங்கால் ரெண்டும் போன ஆடியிலயே போச்சு. கால் நாழி நின்னா அப்புறம் ஆட ஆரம்பிச்சுருது. நிக்க முடியாத ராசாவ எந்தப் படை நம்பும்? அந்துவன்கிட்ட சொன்னேன். தட்டுல ஓட்ட போட்டு ஒரு இரும்புக் கோல் நட்டான். இடுப்புக்குப் பின்னால தோல் வச்சுத் தாங்குற மாதிரி. மேல பட்டாடைய விட்டா ஒருத்தருக்கும் தெரியாது. தாங்குகட்டைய தொளைக்க வேணாம்னுதான் சொன்னான். ஆடாம நிக்கணும், ஆழமாப் போடுன்னு நான்தான் சொன்னேன். விழுந்ததும் கூட்டம் வர்றதுக்குள்ள கோல உருவி எடுத்து, தட்டு ஓட்ட மேல விரிப்ப இழுத்துவிட்டான். நான் கண்ணக் காட்டினேன், எடுத்தான்.”

“தம்பி கார்மலைமேல் போகிறான், அப்பா.”

“தெரியும். பயிற்சிச் சத்தம் இங்க வரைக்கும் கேக்குதே. நாளைக்குச் சொல்லிருவோம், நாளைக்குச் சொல்லிருவோம்னு இருந்தேன். நாள் போகப் போக வாய் இன்னும் பூட்டிக்கிச்சு.” பிறகு எம் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “நான் கண்ண மூடினப்புறம் சொல்லிக்கிறியா?”

தம்பி, அந்தக் கேள்வியைக் கேட்டபோது எமக்கு வந்த சினத்தை எப்படிப் பொறிப்பது? யானையை அடக்கியவர், மூன்று எல்லைப்போர்களில் முன்னணியில் நின்றவர், எம் கையைப் பிடித்துக்கொண்டு சிறுபிள்ளைபோல் தவணை கேட்கிறார். கையை உதறவும் மனம் வரவில்லை, பிடித்திருக்கவும் மனம் வரவில்லை.

“அதுவரை சேந்தன் காத்திருக்க மாட்டான். போரில் உயிர் போகப்போகிறவர்களும் காத்திருக்க மாட்டார்கள்” என்றோம்.

அன்று பிற்பகல் முழுவதும் அவர் மீண்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். யாமும் அறையை விட்டு அகலவில்லை. உணவு வந்தது, ஆறியது, திரும்பிப்போனது. வெயில் சாளரத்தை விட்டு இறங்கும் வேளையில் முகத்தை எம் பக்கம் திருப்பினார்.

“சபையக் கூட்டு. என்னத் தூக்கிட்டுப் போங்க. படுக்க வச்சு வேணாம், உட்கார வச்சுத் தூக்குங்க.”

நேற்றுக் காலை அவை கூடியது. நால்வர் சுமந்த நாற்காலியில், பட்டாடை எதுவும் மேலே விரிக்காமல், வேந்தர் வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய குரலில், “கார்மலைக்காரன் எனக்கு நல்ல தேர்தான் குடுத்தான். அதத் தொளச்சது நான்” என்று தொடங்கி, கோலையும் மறைத்ததையும் பேசாதிருந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னார். யாம் அடியில் கண்டதை எடுத்துரைத்தோம். தாம் ஒளி பிடித்ததை அமைச்சர் சாட்சியாகச் சொன்னார். இரும்புக் கோலை அந்துவர் அவை நடுவே கொண்டுவந்து வைத்தார்.

எல்லாரும் மனமிரங்கினர் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வடபடைத் தலைவர் எழுந்து, வணங்காமலே வெளியேறினார். நட்பரசரின் தூதர்கள் ஒருவர் காதில் ஒருவர் பேசிக்கொண்டனர். பின்வரிசையில் எவரோ சிரித்தார், அடக்கிக்கொண்டாலும் கேட்டது. தந்தைக்கும் கேட்டது. அறைக்குத் திரும்பும்போது சொன்னார்: “சிரிச்சாங்க. சிரிக்கட்டும். அந்தப் படைச் சத்தத்துக்கு இது தேவலாம்.” அன்றிரவு அவர் கஞ்சி குடித்தார் என்பதையும் உமக்குத் தெரிவிக்கிறோம்.

இவை யாவும் அக்காளின் அச்சத்தில் பிறந்த கதை என்று உம்மைச் சுற்றி இருப்போர் சொல்லக்கூடும். ஆகவே ஓலை கொண்டுவரும் குதிரைவீரரிடம் எம் துறப்பணத்தையும், பிளந்த தாங்குகட்டையின் ஒரு துண்டையும் கொடுத்தனுப்பியுள்ளோம். தேரை நகர்த்தாதிருக்க உம் காவலர் வைத்த முத்திரையை, அவை முன்னிலையில், வேந்தரின் ஆணையால் உடைத்த பின்னரே கட்டையை அறுத்தோம். உம் கோட்டைக் கதவிலேயே அந்தத் துறப்பணத்தால் ஒரு துளை போடும். அதில் விரலை விடும். பிறகு கட்டையில் விரலை விடும். உம்மிடம் யாம் கேட்கும் சான்று அவ்வளவே.

ஆகவே வேந்தரின் பெயராலும் அவை ஒப்புதலாலும் இடும் ஆணை: இவ்வோலை கண்ட கணமே தெப்பங்கள் கரையேற்றப்பட வேண்டும். ஆற்றைக் கடந்த முன்படை ஏதும் இருப்பின், கார்மலை மண்ணில் ஒரு கதிரையும் மிதிக்காமல் திரும்ப வேண்டும். கார்மலைத் தூதரின் விலங்கை நீரே உம் கையால் கழற்றி, அவருக்கு நீராட்டும் உணவும் அளித்து, எம் மன்னிப்பு ஓலையோடு காவல் வைத்து அவர் எல்லைவரை கொண்டுவிட வேண்டும். துணைக்கு வந்த சிற்றரசர்களின் வீரர்களுக்கு வழியுணவு கொடுத்து அனுப்ப வேண்டும். தச்சர் அந்துவர்மேல் எவரும் கை வைக்கலாகாது. அவர் கோலை மறைத்ததற்கும், எம்மைத் தடுத்ததற்கும் உரிய தண்டனையை அவையே தந்துவிட்டது: அந்தத் தேரைச் செம்மையாக்கி முடிக்கும்வரை அவர் எம் கொட்டிலைத் தவிர வேறெங்கும் உளி பிடிக்கக் கூடாது. அவருக்கு அடியில் போய்வர எம் பலகையைக் கொடுத்திருக்கிறோம். தலைத்திண்டு தம் உயரத்துக்கு ஒத்துவரவில்லை என்று இப்போதே குறை சொல்லத் தொடங்கிவிட்டார்.

இனி எழுதுவதைப் படைத்தலைவர்கள் முன் படிக்க வேண்டாம், சேந்தா. இது அரசு காப்பவள் சொல்வதில்லை, நான் சொல்வது.

உன் கோபம் எனக்குத் தெரியும். பகைவன் ஒருவன் இருக்கிறான் என்றே இத்தனை நாளும் நீ உறங்காமல் இருந்தாய். இப்போது அவனும் இல்லை. கையில் எடுத்த வாளை எங்கே கொண்டு வைப்பது என்று தெரியாமல் நிற்பாய். எனக்கும் அப்பாமேல் இன்னும் ஆறவில்லை. ஒரு சொல் சொல்ல இத்தனை நாளா என்று நினைக்கும்போதெல்லாம் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுகிறேன். ஆனாலும் காலையில் அவருக்குத் தலைவாரிவிடுகிறேன்.

படையைத் தலைவர்களிடம் ஒப்படைத்துவிட்டு நீ தனியே குதிரையேறி வா. நீ வருவாய் என்று முன்வாயிலில் நாற்காலியைப் போடச் சொல்லியிருக்கிறார். உன்னைக் கண்டதும் பழக்கத்தில் எழ முயல்வார். நீ ஓடிப்போய்த் தாங்காதே, முகத்தையும் திருப்பிக்கொள்ளாதே. குதிரையை விட்டு இறங்கியதும் அவர் எதிரே தரையில் உட்கார்ந்துவிடு. நீ உட்கார்ந்துவிட்டால் அவரும் எழமாட்டார்.

நாடு நிலைக்க. நீர் நலமுடன் வந்து சேர்க. இது வேந்தர் ஆணை, மறுத்தற்கு உரியதன்று. கீழே உள்ள முத்திரை, அரசு காப்பவள் வைத்ததன்று. பெருவிறல் மன்னர் நாற்காலியில் அமர்ந்து தம் கையாலேயே அழுத்தியது. கை நடுங்கியதால் ஓரம் இழுபட்டிருக்கிறது. வேறு அரக்கு உருக்கித் திருத்தமாக வைக்கட்டுமா என்று கேட்டோம், இருக்கட்டும் என்றார்.